இரண்டாவது ஆள்

டெல்லி
22-8-1990

அன்புள்ள மாமாவுக்கு,

ராஜாம்பாள் எழுதுவது. நான் நலம். உங்கள் நலமும் அத்தையின் முழங்கால் நலமும் அறிய ஆவல்.

ரேடியோவில் கேட்டிருப்பீர்கள். பிற்படுத்தப்பட்டவர்களுக்கு மத்திய அரசு வேலையில் இடஒதுக்கீடு என்று அறிவித்ததிலிருந்து இந்த ஊர் ஒரு நிலையில் இல்லை. வகுப்பு கிடையாது, பாதி நாள் பஸ் கிடையாது. எங்கள் ஹாஸ்டலும் லேபும் ஒரே காம்பவுண்டுக்குள் இருப்பதால் எனக்கு ஒரு பயமும் இல்லை. இந்த வரியை மட்டும் அத்தைக்கு இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள்.

போன கடிதத்தில், "அந்த இருட்டறையில் நீ செய்வதுதான் என்ன? மில்லில் கேட்கிறார்கள். ஏதோ லைட் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்துக் கேட்கிறீர்களே, மகராசன்! சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

காலியம் ஆர்சினைடு என்று ஒரு படிகம். அதில் மிக மிக மெல்லிய ஒரு ஏடு. இரண்டு பக்கமும் வேறு படிகத்தால் சுவர் வைத்து அடைத்திருக்கும். அதற்குக் குவாண்டம் கிணறு என்று பெயர். உள்ளே விழுந்த எலக்ட்ரான் சுவரேறி வெளியே வர முடியாது, அதனால் கிணறு. அதன்மேல் லேசர் ஒளி பட்டால் ஒரு எலக்ட்ரான் துள்ளி மேலே போகும். அது இருந்த இடம் காலியாகும். அந்தக் காலி இடத்தைத் துளை என்போம். துளையும் ஒரு பொருள் போலவே நடமாடும். எலக்ட்ரானும் துளையும் ஒன்றை ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டு சுற்றும். அந்த ஜோடிதான் எக்சிட்டான். கொஞ்ச நேரத்தில் எலக்ட்ரான் அந்தத் துளைக்குள்ளேயே விழுந்துவிடும். அப்போது ஒரு துளி ஒளி வரும், ஜோடி தீர்ந்துபோகும்.

இதில் ஸ்பின் என்று ஒன்று உண்டு. வலப்பக்கம் சுழலும் ஒளியால் அடித்தால் ஜோடி வலது ஸ்பின்னோடு பிறக்கும். கடைசிவரை அப்படியே இருந்தால் வெளியே வரும் ஒளியும் வலதாகவே வரும். நடுவில் ஸ்பின் புரண்டுவிட்டால் இடதாக வரும். வலது எவ்வளவு, இடது எவ்வளவு என்று அளப்பதுதான் என் பிழைப்பு.

ஏன் புரள்கிறது? எலக்ட்ரானும் துளையும் மிகவும் நெருங்கி இருப்பதால்தான் என்பது என் கட்சி. நெருக்கத்தில் ஒன்று மற்றதைப் புரட்டுகிறது, இரண்டும் சேர்ந்தே கவிழ்கின்றன. அப்படியானால், வெளியிலிருந்து வோல்டேஜ் கொடுத்து எலக்ட்ரானை ஒரு சுவர்ப் பக்கமும் துளையை எதிர்ச் சுவர்ப் பக்கமும் இழுத்தால், ஜோடி பிரியாது, ஆனால் தள்ளி நிற்கும். புரளுவது குறைய வேண்டும். இதை அளந்து காட்டிவிட்டால் என் தீசிஸ் முடிந்தது. காட்டாவிட்டால் மூன்று வருஷத்துக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

இப்போது சங்கடம் என்னவென்றால், இதைத் திரவ ஹீலியத்தில் குளிர வைத்துத்தான் செய்ய முடியும். ஹீலியம் வைத்துக்கொண்டு யாரும் தனியாக வேலை செய்யக் கூடாது, இரண்டாவது ஆள் அறையில் இருந்தே ஆக வேண்டும் என்பது எங்கள் லேபின் சட்டம். என் இரண்டாவது ஆள் அலோக். லக்னோ பையன், நான் சேர்ந்த நாளிலிருந்து ஒரே மேஜை. படிகத்துக்குக் கம்பி வைத்தது எல்லாம் அவன் கைதான். அவன் இப்போது இடஒதுக்கீட்டை எதிர்க்கும் பகிஷ்காரத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். எங்கள் அறைக்கு இந்த வருஷம் இன்னும் இரண்டு முறைதான் ஹீலியம் வரும். டிசம்பரோடு என் கெடு முடிகிறது.

எலக்ட்ரானையும் துளையையும் நம் இருவரோடு ஒப்பிட்டு ஏதாவது எழுதினீர்களானால் பதில் போட மாட்டேன். இங்கே ஏற்கெனவே எல்லாரும் அந்த ஜோக்கை அடித்து ஓய்ந்துவிட்டார்கள்.

அன்புடன்,
ராஜாம்பாள்


வடக்கனந்தல்
31-8-1990

அன்புள்ள ராஜாம்பாளுக்குச் செல்லமுத்து எழுதுவது. இப்பவும் இங்கே எல்லாரும் சுகம். கோமுகி அணைக்கு ஓரளவு தண்ணீர் வந்திருக்கிறது. மில்லில் அரவை இல்லாத மாதம் ஆகையால் மெஷினைப் பிரித்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். லேபில் எங்களுக்குக் குப்பி கழுவுவதைத் தவிர வேலையில்லை.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ தடுத்துவிட்டதால் ஒப்பிட்டு எதுவும் எழுதவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். தள்ளி நிற்கும் ஜோடிதான் திசை மாறாமல் இருக்கும் என்று நீ நிரூபித்துவிட்டால், தயவுசெய்து அதை அம்மாவுக்குத் தெரியாமல் வைத்துக்கொள். "அதான் விஞ்ஞானமே சொல்லிடிச்சே" என்று நான் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லப்போய் எனக்குச் சோறு கிடைக்காமல் போகும்.

உன் வேலை எனக்குப் புரிகிறது என்றே நினைக்கிறேன். நாங்களும் கரும்புச் சாற்றைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஒளியை விட்டு, ஒளி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்துத்தானே சர்க்கரை எவ்வளவு என்று சொல்கிறோம். அந்த அனுபவத்தில் ஒரு யோசனை. குழாயின் மூடியை ரொம்ப இறுக்கினால் கண்ணாடி அழுத்தத்தில் மாட்டிக்கொண்டு பொய் ரீடிங் காட்டும். உன் ஹீலியம் பாத்திரத்தின் கண்ணாடி ஜன்னலையும் யாராவது பலசாலி இறுக்கி வைத்திருக்கிறானா என்று பார்.

ஞாயிற்றுக்கிழமை பாவாடையோடு வெள்ளிமலைக்குப் போயிருந்தேன். உனக்கு அவனைத் தெரியாது, போன அரவைக்கு லேபில் சேர்ந்தவன், கல்வராயன் மலைக்காரன். அவன் அக்கா குழந்தைக்குக் காது குத்து. மேலே போகிற பஸ் பாதி வழியில் நின்றுவிட்டதால் மழையில் நனைந்துகொண்டே ஏறினோம். சாமைச் சோறும் கறிக்குழம்பும் போட்டார்கள். அங்கே உட்கார்ந்து உன் அலோக் கதையைச் சொன்னேன். "கோவமா இருந்தா வந்து சண்டை போடுவான் சார். வரவே இல்லன்னா பயந்துக்கினு கீறான்" என்றான் பாவாடை. எனக்கென்னவோ அது சரி என்று படவில்லை. டெல்லிக்காரன் எதற்குப் பயப்படப் போகிறான்?

இடஒதுக்கீடு என்றாலே எனக்கு எண்பத்தேழாம் வருஷம்தான் ஞாபகம் வருகிறது. மறுவீட்டுக்கு உங்கள் திருநாவலூருக்கு வந்த இடத்தில் சாலை மறியல் தொடங்கி, வழியெல்லாம் புளியமரத்தை வெட்டிப் போட்டு, ஒரு வாரம் திரும்ப முடியாமல் நாம் அங்கேயே கிடந்தோமே. துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் எல்லாம் உண்டு. அதைச் சிரித்துச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் நாம் இருவரும் சேர்ந்தாற்போல் நிம்மதியாக இருந்தது அந்த வாரம்தான். அடுத்த மாதமே நீ டெல்லிக்கு ரயில் ஏறிவிட்டாய்.

கடைசியாக, சொல்ல வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே வந்ததைச் சொல்லிவிடுகிறேன். நீ சொன்ன வரியை அம்மாவுக்கு இரண்டு தடவை இல்லை, நான்கு தடவை படித்தேன். பேப்பரில் பஸ் எரிகிற படத்தைப் பார்த்ததும் எல்லாம் போயிற்று. "இன்னாடா நியாயம் இது? பொண்டாட்டிய தீயில வுட்டுட்டு நீ இங்க கேப்பங்கூழு குடிச்சிக்கினு கீற. போய் இட்டுக்கினு வா. படிச்சதெல்லாம் போதும்" என்கிறாள். உங்கள் அப்பாவும் வந்து உட்கார்ந்து அதையேதான் சொன்னார். இருவரும் சேர்ந்து கேட்டதில், வருகிற மாதக் கடைசியில் போய் உன்னை அழைத்து வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. எனக்கும் நீ வந்தால் சந்தோஷம்தான், அதை மறைக்க என்னால் ஆகாது.

இப்படிக்கு,
செல்லமுத்து


டெல்லி
10-9-1990

அன்புள்ள மாமாவுக்கு,

கண்ணாடி ஜன்னல் இறுக்கத்தை முதல் வருஷமே பார்த்துவிட்டோம். அதற்கென்று வேறு ஜன்னல் வாங்கிப் போட்டும் ஆயிற்று. உங்கள் மூடி யோசனைக்கு நன்றி. குப்பி கழுவுங்கள்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறதல்லவா? தெரியட்டும். யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்தீர்கள்? கல்யாணத்துக்கு முன்பு எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தீர்கள், தீசிஸ் முடிகிற வரைக்கும் யாரும் கூப்பிட மாட்டோம் என்று. அது முதலில் கொடுத்தது. இது பிறகு கொடுத்தது. எது செல்லும் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

இரண்டில் ஒரு ஹீலியம் போய்விட்டது, மாமா. அலோக் வரவில்லை. எங்கள் கைடே பெரிய மனது பண்ணி இரண்டாவது ஆளாக வந்து, மூலையில் நாற்காலி போட்டு, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் ஒருத்தியாக எல்லாவற்றையும் திருகினேன். வோல்டேஜ் இல்லாமல் எல்லாம் அழகாக வந்தது. வோல்டேஜ் கொடுத்ததும் ஒளி மங்கும் என்று எதிர்பார்த்தேன், ஆனால் பிரகாசமாயிற்று. வலது இடது இரண்டும் சமமாகிப் போயிற்று. ஸ்பின் காப்பாற்றப்படுவதாவது, இருந்ததே துடைத்துப் போட்டாற்போல் போய்விட்டது. என் கட்சிக்கு நேர் எதிர். மறுபடி மறுபடி கொடுத்துப் பார்த்து, கோபம் வந்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன்.

கைடு பேப்பரை மடித்துவிட்டு, "ஒருவேளை உன் யோசனையே தப்போ என்னவோ. அடுத்த ஹீலியத்திலும் இப்படியே வந்தால் இந்த அத்தியாயத்தை விட்டுவிடு" என்றார். இந்த அத்தியாயத்தை விட்டால் தீசிஸில் மிச்சம் இருப்பது பழைய ஆட்கள் கண்டுபிடித்ததை நானும் ஒரு தடவை பார்த்தேன் என்பதுதான். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உங்களிடம் தவிர யாரிடமும் சொல்ல முடியாது, அதனால்தான் உங்கள்மேல் இத்தனை கோபம்.

அலோக்கிடம் கேட்கலாமே என்பீர்கள். கேட்க மாட்டேன். அவன் என்ன சொன்னான் என்று இதுவரை உங்களுக்கு எழுதவில்லை. பகிஷ்காரத்துக்குப் போகிற அன்று, "உனக்கென்ன ராஜா, இந்தச் சோதனை வந்தாலும் வராவிட்டாலும் இனி உனக்கு வேலை தயார். நான்தான் தெருவில் நிற்கப் போகிறேன்" என்றான். மூன்று வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஒரு ரீடிங்கை எத்தனை முறை எடுக்கிறேன் என்று பார்த்தவன். "உன்னைப்போல் மாமாவின் சிபாரிசுக் கடிதத்தோடு நான் இங்கே வரவில்லை" என்று நானும் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் அதை அவன் என்னிடம் நம்பிச் சொல்லியிருந்தான். முகம் செத்துப் போயிற்று அவனுக்கு. அதோடு சரி.

மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் மீட்டர்கூட அவன் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. சாவி கேட்கவும் போக மாட்டேன்.

என்னைப் பார்க்க வருவதானால் வாருங்கள். அழைத்துப் போக வருவதானால் வராதீர்கள்.

ராஜாம்பாள்


வடக்கனந்தல்
18-9-1990

ராஜாம்பாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குப்பி கழுவச் சொன்னது பட்டது. கழுவிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எந்த வாக்கு செல்லும் என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. வீட்டில் இரண்டு பேர் எதிரே உட்கார்ந்து கேட்கிறார்கள். நீ தூரத்திலிருந்து எழுத்தில் கேட்கிறாய். எதிரே இருக்கிறவர்களுக்குத்தான் வாய் முதலில் பதில் சொல்கிறது.

ரயிலுக்குச் சீட்டு எடுத்தாகிவிட்டது. போக ஒன்று, வர இரண்டு. இருபத்தைந்தாம் தேதி காலையில் வந்து சேருவேன். ஊரில் கலவரம் அதிகமாக இருந்தால் ஸ்டேஷனுக்கு வராதே, நானே விசாரித்து வந்துவிடுவேன். அம்மா முறுக்கு சுட்டுக் கொடுத்திருக்கிறாள்.

செல்லமுத்து


டெல்லி
6-10-1990

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நான் இதை எழுத உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து, கடைசியில் இன்றைக்குத்தான் முடிந்தது. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வந்துவிட்டது, மாமா. என் கட்சி ஜெயித்துவிட்டது.

நீங்கள் ரயிலேறின மூன்றாம் நாள் ஹீலியம் வந்தது. கைடுக்காகக் காத்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு அலோக் வந்தான். குட்மார்னிங் கிடையாது, முகத்தைப் பார்க்கவில்லை. நேரே வோல்டேஜ் பெட்டிக்குப் போய்க் குனிந்து பார்த்தான். பார்த்தவன் சிரிக்க ஆரம்பித்தான். நான் என்ன செய்திருந்தேன் தெரியுமா? சிவப்புக் கம்பியைச் சிவப்பு முனையில் சொருகியிருந்தேன். உலகத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் சொருகுவார்கள். ஆனால் இந்தப் படிகத்தில் கம்பியை மாற்றித்தான் போட வேண்டும். அப்போதுதான் இழுக்கும். நேராகப் போட்டால் இழுக்காது, மின்சாரம் உள்ளே பாய்ந்து படிகம் தானே விளக்காக எரியும். அந்த ஒளிக்கு வலதும் கிடையாது, இடதும் கிடையாது. மூன்று வருஷமாக ஒவ்வொரு படிகத்தையும் சோதிக்கும்போது அவன் வெளியே கம்பியை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அது அவன் வேலை என்று நான் திரும்பிப் பார்த்ததே இல்லை.

லேசரை ஒரு கையால் மறைத்துப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும், லேசர் இல்லாமலே அது எரிகிறது என்று. மீட்டரைக் கேட்டு வாங்கியிருந்தால் மின்சாரம் ஓடுவது தெரிந்திருக்கும். கேட்க மாட்டேன் என்று வீம்பு பிடித்ததில் ஒரு ஹீலியம் போயிற்று. சிரித்து முடித்ததும் அவனுக்குக் கோபம் வந்தது. "என் கம்பியைத் தப்பாகப் போட்டுவிட்டு அத்தியாயத்தையே விட்டுவிடப் பார்த்தாயா?" என்று கத்தினான். நானும் கத்தினேன். பிறகு கம்பியை மாற்றினோம், விளக்கை அணைத்தோம்.

வோல்டேஜ் ஏற ஏற ஒளி மங்கியது. நிறம் இன்னும் சிவப்புப் பக்கம் தள்ளிப்போயிற்று. அப்படித்தான் ஆக வேண்டும், ஜோடி தள்ளி நிற்கிறது என்று அர்த்தம். தள்ளி நிற்பதால் எலக்ட்ரான் துளைக்குள் விழவும் அதிக நேரம் ஆகிறது. அவ்வளவு நேரம் இருந்தும், புரளாமல் வலதாகவே நின்றது முன்பைவிட அதிகம். ஒவ்வொரு படியாக ஏற்றினோம், ஒவ்வொரு படியிலும் கூடியது. இறக்கினோம், குறைந்தது. லேசரை மறைத்தோம், ஒன்றுமே எரியவில்லை. நான் எண்களைச் சொல்ல அவன் கோடு போட்டான். பாதியில் பென்சிலை வைத்துவிட்டு, "ராஜா, இது ஏறுகிறது" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருட்டு என்பதால் மானம் பிழைத்தது.

நாங்கள் ராசியாகிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். ஒரு ரீடிங்குக்கும் அடுத்த ரீடிங்குக்கும் நடுவே இடஒதுக்கீட்டுச் சண்டைதான் போட்டோம். இதை எதிர்த்துத் தங்களைக் கொளுத்திக்கொண்ட பையன்களைப் பற்றிப் பேசும்போது அவனுக்குக் குரல் உடைந்தது. நானும் அந்தப் பையன்களுக்காக அழுதவள்தான். அதற்காக நம் ஊர்ப் பிள்ளைகள் இன்னும் நூறு வருஷம் வெளியே நிற்க வேண்டும் என்று ஒத்துக்கொள்ள முடியுமா? முடியாது என்று சொன்னேன். அவன் சொன்ன அந்த வார்த்தையை வாபஸ் வாங்கினான். நான் சொன்னதை நானும் வாபஸ் வாங்கினேன். மற்றது எதிலும் ஒத்துப்போகவில்லை. கட்டுரையில் அவன் பெயரும் இருக்கும். கைடு வந்து கோட்டைப் பார்த்துவிட்டு, பேப்பரை எடுக்காமல் ரொம்ப நேரம் நின்றார்.

இப்போது உங்கள் விவகாரத்துக்கு வருகிறேன்.

நீங்கள் இங்கே இருந்த நாலு நாளில் ஒரு தடவைகூட "வா போகலாம்" என்று சொல்லவில்லை. சொல்வீர்கள் என்று முதல் நாளெல்லாம் முறைத்துக்கொண்டு திரிந்தேன். இரண்டாம் நாள், வெறும் ஒத்திகைதான் பார்க்கிறேன் என்று சொல்லியும் லேபில் வந்து ஓரமாக உட்கார்ந்துகொண்டீர்கள். மூன்றாம் நாள் குதுப்மினார் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பினீர்கள். தெருவில் போலீஸ் நிற்கிற நாளில் இந்த மனுஷனுக்குக் குதுப்மினார் கேட்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்டேன். வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். "உயரமா கீது" என்றீர்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

அலோக் நேற்றுச் சொல்கிறான், "உன் கணவர் என் ரூமுக்கு வந்திருந்தார், முறுக்கு கொடுத்தார்" என்று. என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "அவரையே கேள்" என்கிறான். கேட்கிறேன். என்ன சொன்னீர்கள்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கிளம்புகிற அன்று காலையில் என் பெட்டி கட்டியிருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்ததால் நீங்கள் பார்க்கவில்லை. வராதீர்கள் என்று எழுதிய நான்தான் கட்டினேன். எல்லாம் தோற்ற மாதிரி இருந்தது, உங்கள் முகத்தைப் பார்த்தால் வீட்டு ஞாபகமாகவும் இருந்தது. நீங்கள் ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன். நீங்கள் கூப்பிடாமலே போனபோது, உங்களுக்கு என்மேல் ஆசை விட்டுப்போயிற்றோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். சரியான மக்கு நான்.

அன்புடன்,
ராஜாம்பாள்


வடக்கனந்தல்
14-10-1990

அன்புள்ள ராஜாம்பாளுக்குச் செல்லமுத்து எழுதுவது. உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. வாசலில் நின்றே படித்தேன். பிறகு மில்லுக்குப் போய்ப் பாவாடைக்குப் படித்துக் காட்டினேன். அலோக் கோபத்தில் இல்லை, பயந்துதான் வரவில்லை என்று அவன் சொன்னது சரியாகப் போய்விட்டதில் அவனுக்கு உன் தீசிஸைவிட அதிக சந்தோஷம். லேபில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். "என் சம்சாரம் ஒரு ஜோடியத் திரும்பாம நிக்க வச்சிட்டா" என்றேன். ஒருவருக்கும் புரியவில்லை, டீயைக் குடித்தார்கள்.

நான் தனியாக வந்து இறங்கினபோது அம்மா என்னைப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். ஆட்டோவுக்குள் தேடினாள். "எங்கடா அவ?" என்றாள். "வேலை முடியல" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "கொழம்பு வேணுமா வேணாமா?" என்று கேட்டாள். அதன் பிறகு சரியாகிவிட்டது. உன் செய்தியைச் சொன்னதும், "அப்ப தீவாளிக்கு வருவாளா?" என்றுதான் கேட்டாள். தீசிஸ் எழுத வேண்டும், பொங்கலுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் அப்பாவிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். அவர்களுக்குக் கொடுத்த வாக்கை நான்தான் உடைத்தேன், உன்மேல் வருத்தம் வேண்டாம் என்றேன்.

நான் உன்னை அழைத்து வரத்தான் வந்தேன். அதில் பொய் இல்லை. ரயிலில் வரும்போதெல்லாம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். அந்த ஒத்திகை நாளில் ஓரமாக உட்கார்ந்தேனே, அங்கேதான் கெட்டது. நீ ஒரு கண்ணாடியைத் திருப்பினாய், பார்த்தாய், மயிரிழை திருப்பினாய், பார்த்தாய். காலையில் தொடங்கி மத்தியானம் வரைக்கும் நான் அங்கே இருப்பதையே மறந்துவிட்டாய். எனக்குக் கோபம் வரவில்லை. மில்லில் நான் ஒரு நாளும் எதையும் அப்படிப் பார்த்ததில்லை. இவளைக் கூட்டிப்போய் நம் அடுப்படியில் நிறுத்தினால் நான் மனுஷனா என்று தோன்றிவிட்டது. உன் முகத்தையும் பார்த்தேன். நான் வாயைத் திறந்தால் போதும், நீ கிளம்பிவிடுவாய் என்று தெரிந்தது. பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்ததை நான் பார்க்கவில்லை என்று யார் சொன்னது?

குதுப்மினாருக்கு நான் போகவில்லை. ஹாஸ்டல் ஹாஸ்டலாக விசாரித்து அலோக்கைக் கண்டுபிடித்தேன். என்னைப் பார்த்ததும் அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான் பாவம், கதவைப் பாதி சாத்தினான். முறுக்குப் பொட்டலத்தை நீட்டினேன். நம் மில் மேனேஜரிடம் பேசுகிற இங்கிலீஷில்தான் பேசினேன்.

"நான் என் மனைவியை ஊருக்கு அழைத்துப் போக வந்திருக்கிறேன். வரும் ஹீலியத்துக்கு நீ வராவிட்டால் அவள் தோற்றுப்போய் என்னோடு வருவாள். உங்கள் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று நான் கேட்கவில்லை. அதில் நான் அவள் பக்கம்தான். நீ இரண்டாவது ஆளாக வந்து உட்கார்ந்தால் போதும்" என்றேன்.

அவன் கதவை முழுசாகத் திறந்தான். பிறகு, "அவள் உன்னோடு வந்தால் உனக்கு நல்லதுதானே? உனக்கு அவள் வேண்டாமா?" என்று கேட்டான்.

"வேண்டும்" என்றேன். "மூன்று வருஷமாக வேண்டும். இப்போது நான் கூப்பிட்டால் அவள் வந்துவிடுவாள். அதனால்தான் அவளிடம் போகாமல் உன்னிடம் வந்திருக்கிறேன்."

அவன் முறுக்கை வாங்கிக்கொண்டான்.

இப்படிக்கு,
செல்லமுத்து